மழையில் மரத்தின் தூரில் நுரை: எது அழுக்கு, எது நோய், எப்படிப் பிரித்தறிவது

ஐப்பசி மழை பிடித்து அரை மணி நேரம் ஆனதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சாலையோரப் புளியமரங்களின் தூரைப் பாருங்கள். வேர் மண்ணுக்குள் இறங்கும் கவட்டில், யாரோ துணி துவைத்த தண்ணீரைக் கொட்டியது போல நுரை ஒதுங்கிக் கிடக்கும். சில மரத்தில் கையளவு, சில மரத்தில் ஒரு சாண் உயரம். “மரம் நுரை தள்ளுதே, சீக்கு ஏதும் வந்திருச்சா” என்று ஆச்சி கவலைப்படுவார். அடுத்த நாளே ஒருவர் பூச்சிமருந்துக் கடையில் நிற்பார், இன்னொருவர் அரிவாளால் பட்டையைச் சீவிப் பார்ப்பார்.

இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லாத வேலை. மழையோடு வந்து மழையோடு போகும் நுரை, மரம் குளித்த அழுக்குத் தண்ணீர்தான். ஆனால் மரத்தடியில் தெரியும் நுரையெல்லாம் அதுவே என்று விட்டுவிடவும் முடியாது. தென்னையிலும் முந்திரியிலும் மாவிலும் உண்மையான நோயோ பூச்சியோ சாறாகவோ பிசினாகவோ வடிந்து தலைகாட்டுவது உண்டு. எது எதுவென்று மருந்தில்லாமல், செலவில்லாமல் பிரித்துப் பார்க்க முடியும்.

நுரை எப்படிப் பிறக்கிறது

நுரைக்கு மூன்று வேண்டும்: தண்ணீர், காற்று, தண்ணீரில் கரைந்த ஏதோ ஒன்று. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். டபராவிலிருந்து தம்ளருக்குக் காப்பியைத் தூக்கி ஆற்றினால் நுரை நிற்கிறது. அதே உயரத்திலிருந்து வெறும் தண்ணீரை ஆற்றிப் பாருங்கள். குமிழி வரும், வந்த வேகத்தில் போய்விடும். துவரம்பருப்பு கொதிக்கும்போது பானையின் வாய்வரை நுரை பொங்குவதும் பருப்பின் புரதமும், சப்போனின் என்ற இயற்கையாக நுரைக்கும் பொருளும் தண்ணீரில் இறங்குவதால்தான்.

காரணம் பரப்பு இழுவிசை. 25 டிகிரி வெப்பத்தில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். குமிழியின் தோலை அந்த விசை உள்ளே இழுத்துச் சுருக்கி உடைத்துவிடுகிறது. ஒரு முனை தண்ணீரை விரும்பி மறுமுனை வெறுக்கும் மூலக்கூறுகள் கலந்தால், அவை குமிழித் தோலின் இரு பக்கமும் வரிசைகட்டி நின்று இழுவிசையைக் குறைக்கும். தோல் ஓரிடத்தில் மெலிந்தால் பக்கத்து இடத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்து ஒட்டுப்போடும். சோப்பு செய்வது இதைத்தான். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அரப்பும் செய்வதும் இதைத்தான். உசில மரத்து இலையை உலர்த்தி இடித்த பொடிதான் அரப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மரத்திலிருந்து நுரை வருவது அதிசயமாகத் தோன்றாது.

மழைக்கு முன் பட்டையின் மேல் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சங்கதி விளங்கும். மரமே கசியவிடும் சப்போனின், டானின், கரிம அமிலம், சர்க்கரை, இலைகளிலிருந்து கழுவி இறங்குவது, செம்மண் தூசி, பறவை எச்சம், பாசி, பட்டையில் ஒட்டி வளரும் பூசணம், சாலையோரமானால் வண்டிப் புகைக் கரி. பங்குனியிலிருந்து படிந்தது எல்லாம் முதல் நல்ல மழையில் ஒரே மூச்சில் இறங்குகிறது.

எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எட்டு மீட்டர் விரிந்த தலையுள்ள மரத்தின் நிழல் சுமார் 50 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தலையின் மேல் விழுவது 1,000 லிட்டர். பெரும்பகுதி இலை நுனியிலிருந்து சொட்டிக் கீழே போய்விடும். கிளை வழியாக வந்து அடிமரத்தில் இறங்குவது மரத்துக்கு மரம் வேறுபடும். நூற்றில் மூன்று பங்கு என்று வைத்தாலும் 30 லிட்டர். இரண்டு குடத்துக்கு மேற்பட்ட தண்ணீர், மரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு தூரைச் சுற்றியுள்ள இரண்டடி வட்டத்தில் வந்து விழுகிறது. நுரை மரத்தடியில் மட்டும் தெரிவதன் ரகசியம் இந்தக் குவிப்புதான்.

காற்றைக் கலப்பது பட்டையின் சொரசொரப்பு. கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்: புளியமரத்தின் வெடிப்புப் பள்ளங்களில் தண்ணீர் பின்னல் பின்னலாக இறங்குகிறது. ஒரு செதிலில் மோதிச் சிதறி, அடுத்த பள்ளத்தில் விழுந்து, மறுபடி சேர்கிறது. ஒவ்வொரு மோதலிலும் காற்றை விழுங்குகிறது. தூரில் வேர்முண்டு குறுக்கே நிற்கும் இடத்தில் ஓட்டம் திடீரென்று நிற்கிறது. அங்கே குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மேல்பரப்பு வெள்ளை, அடிப்பக்கம் காப்பி நிறம். செம்மண் தெறித்தால் செங்கல் நிறம். நுரையின் மேல் ஒரு காய்ந்த புளிய இலையோ செத்த எறும்போ மிதந்தபடி மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். காதை வைத்தால் மிகச் சன்னமாகக் குமிழி உடையும் ஓசைகூடக் கேட்கும்.

எந்த மரம், எந்த மழை

தூறலுக்கு நுரை வராது. காய்ந்த பட்டை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். தைலமரம் போல் வழவழப்பான பட்டை சில மில்லிமீட்டர் மழையிலேயே தண்ணீரை விட்டுவிடும். வேம்பு, புளி போன்ற வெடித்த பட்டை நன்றாக ஊறிய பிறகுதான் வழியவிடும். அதனால் ஒரே மழையில் ஒரு மரம் நுரைத்து, பக்கத்து மரம் சும்மா நின்றால் அது நோயின் அடையாளமல்ல. பட்டையின் குணம்.

கிளைகள் மேல்நோக்கிக் கூராக ஏறும் மரம் புனல் போலத் தண்ணீரை அடிமரத்துக்குத் தள்ளும். கிளை தாழ்ந்து தொங்கும் மரம் வெளியே சொட்டிவிடும். புதுக்கோட்டைப் பக்கத்துத் தைலமரக் காடுகளில் வரிசையாகப் பல மரங்களின் தூரில் நுரை தெரிவதற்கு இந்த இரண்டு குணமும் சேர்வது காரணம். தென்னையும் அப்படித்தான், மட்டையின் வாய்க்கால் தண்ணீரைக் குருத்துப் பக்கம் கொண்டுவந்து, கிளையில்லாத தண்டில் இறக்கிவிடும். அடிமரம் சற்றுச் சாய்ந்திருந்தால் தண்ணீர் முழுக்கச் சாய்ந்த பக்கத்து அடிப்புறமாகவே வரும். நுரையும் அந்தப் பக்கம் மட்டும் நிற்கும்.

காலம் பார்த்தால், ஆடி ஆவணியில் மாலை இடியோடு கொட்டும் மழையில் நுரை அதிகம், ஏனென்றால் இரண்டு மழைக்கு நடுவே வெயில் பட்டையைக் காயவைத்து அழுக்கு சேரவிடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் முதல் இரண்டு மூன்று மழைக்கு நன்றாக நுரைக்கும். கார்த்திகையில் நாள் தவறாமல் பெய்யும்போது அதே மரம் வெறும் தண்ணீராகத்தான் விடும். கழுவ என்ன மிச்சம்?

நேரில் பார்க்க வேண்டியவை

முதலில் ஒரு எச்சரிக்கை. இடி இடிக்கும்போது மரத்தடிக்குப் போகாதீர்கள். தென்னை, பனை அடியில் கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துப் போனாலும் நுரை இருக்கும். சருகுக் குவியலில் கையை விடுவதற்கு முன் குச்சியால் கிளறிப் பாருங்கள், பூச்சி பொட்டு ஒதுங்கியிருக்கும்.

மரத்தடியில் நின்று நுரையை மட்டும் பார்ப்பது போதாது. கண்ணை மேலே கொண்டுபோக வேண்டும். தண்ணீர்த் தடம் கிளைக்கவட்டிலிருந்து, பட்டையின் பல பள்ளங்கள் வழியாக வருகிறதா? அப்படியானால் மழைநுரை. தடம் நடுமரத்தில் ஒரே ஒரு வெடிப்பிலோ, துளையிலோ, பழைய வெட்டுக்காயத்திலோ தொடங்கி அங்கிருந்து மட்டும் கீழே வருகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள். தரம்பிரிக்க இந்த ஒரு கேள்வியே முக்கால் வாசி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது மோப்பம். மழைநுரையில் ஈரப்பட்டை வாசனைதான் இருக்கும். கள் புளித்த வாடையோ, அழுகிய வாடையோ, சோப்புத்தூள் மணமோ இருக்கக்கூடாது. பிறகு கால அளவு. மழை நின்றபின் நுரை தளர்ந்து அன்றைக்குள்ளேயே அடங்கிவிடும், மண்ணில் ஒரு பழுப்புப் படலம் மட்டும் இருக்கும். மழையில்லாத நாளில், வெயிலில், மறுபடி நுரை வந்தால் அது மழையின் வேலை இல்லை. கடைசியாகக் கூட்டாளிகளைப் பாருங்கள்: ஈ, எறும்பு, வண்டு, தேனீ மொய்த்தால் அங்கே சர்க்கரையுள்ள சாறு வடிகிறது என்று பொருள். மழைநுரையை ஈ சீந்தாது.

பாட்டில் சோதனை

கண்ணால் பார்த்தும் ஐயம் தீராவிட்டால், அல்லது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், ஒரே அளவுள்ள மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களும் ஒரு நைலான் கயிறும் போதும்.

1. பாட்டில்களை வெந்நீரால் மட்டும் மூன்று தடவை அலசுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் ஒட்டியிருக்கும் சோப்பே நுரைத்து ஏமாற்றிவிடும். இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

2. மரத்தின் இடுப்பளவு உயரத்தில் நைலான் கயிற்றைச் சரிவாக ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். தாழ்ந்த பக்கத்தில் ஓரடி வாலைத் தொங்கவிட்டு, அதன் நுனியைப் பாட்டில் வாய்க்குள் விடுங்கள். பட்டையில் வரும் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் இறங்கும். ஆணி அடிக்க வேண்டாம். புதுத் தேங்காய்நார்க் கயிறும் ஆகாது. நார் தானே பழுப்புத் தண்ணீர் விட்டு முடிவைக் குழப்பும். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்துக் காலர் போலச் சுற்றினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் உட்புறத்து வெள்ளைப் பொடியை முதலில் கழுவிவிட வேண்டும்.

3. பாட்டில் வாயில் வானத்திலிருந்து நேராக மழை விழாமல் ஒரு பாலித்தீன் தாளைக் கயிற்றின் மேல் கூரை போலக் கட்டுங்கள்.

4. முதல் பாட்டிலில் மரத்தில் வழியத் தொடங்கியதும் வரும் அரை லிட்டர். இரண்டாவதில், அதே மரத்தில் பலத்த மழை ஒரு மணி நேரம் பெய்த பிறகு வருவது. மூன்றாவது, மரமோ கூரையோ இல்லாத திறந்தவெளியில் அகலப் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர்.

5. மூன்றிலும் தண்ணீர் சமமாக அரை லிட்டர் இருக்கட்டும். மூடியைத் திருகி, ஒவ்வொன்றையும் இருபது தடவை ஒரே வேகத்தில் குலுக்குங்கள். வைத்துவிட்டு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் கழித்து நுரையின் உயரத்தை அளவுகோலால் குறித்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளித் தண்ணீரில் குமிழி மேலே வந்து உடனே கரைந்துவிடும். முதல் பாட்டில் தண்ணீர் தேயிலை வடிநீர் நிறத்தில் இருக்கும். மேலே மெல்லிய நுரை நிற்கும், ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, இந்த இரண்டுக்கும் நடுவில். முதலும் இரண்டாவதும் நன்றாக வேறுபட்டால் பட்டை கழுவப்படுகிறது என்பது உறுதி. இரண்டும் ஒரே மாதிரி கெட்டியாக நுரைத்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: பாட்டில் சரியாகக் கழுவவில்லை, அல்லது கயிற்றுக்கு மேலே எங்கோ சாறு வடிகிறது. புதுப் பாட்டிலில் மறுபடி செய்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

நுரை மாதிரி தெரியும், நுரை அல்ல

இங்கேதான் கவனம் அதிகம் தேவை.

புளித்த சாறு. வெட்டுக்காயம், கிளை முறிந்த இடம், பட்டை வெடிப்பு வழியாக பாக்டீரியாவும் ஈஸ்டும் உள்ளே போய்ச் சாற்றைப் புளிக்கவைக்கும். உள்ளே வாயு சேர்ந்து வெள்ளை நுரையாகப் பொங்கி வெளிவரும். கள் கலயத்தைத் திறந்த வாடை அடிக்கும். வெயில் காலத்திலும் வரும். ஈயும் வண்டும் எறும்பும் வரிசைகட்டும். இதன் இன்னொரு வகையில் பழுப்பு நீர் நாற்றத்தோடு பட்டையில் கோடாக இறங்கி, கீழே புல்லைக் கருக்கும். துளையிட்டு வடிய விடுவது என்ற பழைய வைத்தியம் காயத்தைப் பெரிதாக்குவதோடு சரி. தண்ணீரால் கழுவிவிடுங்கள், தூரில் மண் இறுகியிருந்தால் தளர்த்துங்கள், கோடையில் மாதத்துக்கு இரண்டு தடவை ஆழமாகத் தண்ணீர் காட்டுங்கள். பெரும்பாலான மரம் தானே சமாளித்துக்கொள்ளும்.

தென்னைச் சாறு வடிதல். தண்டின் வெடிப்பிலிருந்து செம்பழுப்பு நீர் வடிந்து, காய்ந்ததும் கறுத்துப் போகும். வெடிப்பைத் தட்டினால் பொந்து ஓசை வரும், உள்ளே திசு அழுகிக் கிடக்கும். மழைநுரை கழுவினால் போய்விடும். இந்தக் கறை போகாது. நுரையும் சாறும் தூரில் இருந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே போய், தூரில் தட்டுப் போன்ற காளான் முளைத்திருந்தால் அது அடித்தண்டழுகல். 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதற்கு ஒத்தி வைக்காமல் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையினரைக் கூட்டிவந்து காட்டுங்கள், மற்ற மரத்துக்கும் வேர் வழியாகப் பரவும். துளையிலிருந்து மென்ற நாரும் பழுப்பு நீரும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் உள்ளே புழு கொறிக்கும் ஓசை கேட்கும்.

முந்திரி. செட்டிநாட்டுச் செம்மண்ணில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் தூரில் பிசினும் மரத்தூளும் கலந்து தள்ளியிருப்பதை நுரை என்று விட்டுவிடக்கூடாது. தண்டுத் துளைப்பான் வண்டின் புழு உள்ளே சுரங்கம் போடுகிறது. இலை மஞ்சளாவதற்குள் பட்டையை உளியால் தேவையான அளவு மட்டும் நீக்கிப் புழுவை எடுத்துவிடுங்கள். பிறகு தாரும் மண்ணெண்ணெயும் ஒன்றுக்கு இரண்டு என்ற பங்கில் கலந்து, தூரிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பூசுவார்கள். ஈரப்பட்டையில் பூசினால் ஒட்டாது. இரண்டு நாள் மழையில்லாமல் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும்.

மா. பிசின் சொட்டாகக் கட்டியிருந்தால் கட்டி கெட்டியா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். நுரைக்கு எடையே இருக்காது. பிசின் பிசுபிசுக்கும், காய்ந்தால் கண்ணாடி போல் உடையும்.

தவளைக் கூடு. ஊரணி, கண்மாய், கிணறு, நீர்த்தொட்டி ஓரத்து மரத்திலோ சுவரிலோ முட்டை வெள்ளைக் கருவை அடித்து ஒட்டியது போல ஒரு நுரைக்கட்டி இருந்தால் மரத்தவளையின் கூடு. தண்ணீருக்கு நேர் மேலே இருக்கும். பல நாள் நிற்கும், மேல்தோல் காய்ந்து பழுப்பாகும். உள்ளே முட்டைகள், பொரித்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். அப்படியே விட்டுவிடுங்கள், கொசுவுக்குத் தவளை எதிரி.

இளங்குச்சியில் எச்சில் துப்பியது போல் சின்னக் குமிழிக் கொத்து இருந்து, குச்சியால் விலக்கினால் உள்ளே ஒரு பூச்சிக்குஞ்சு நகர்ந்தால், அது தன்னைக் காக்கப் பூச்சி கட்டிய நுரை. தூரில் இராது. உளுத்த கட்டையிலோ சருகு மேலோ மஞ்சள் நுரை படர்ந்து ஓரிரு நாளில் பொடியாக உலர்ந்தால் அது பூஞ்சை போன்ற ஓர் உயிரி. பார்க்க அருவருப்பு, மரத்துக்கு ஒன்றும் செய்யாது.

கடைசியாக, ஊர் நடுவில் அதிகம் ஏமாற்றுவது: பாத்திரம் விளக்கிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர். பளிச்சென்ற வெள்ளை, வாசனை, மழையில்லாத நாளிலும் நுரை, பக்கத்தில் கழிவுக் குழாய். இதுதான் மரத்துக்கு உண்மையிலேயே கெடுதல், ஏனென்றால் உப்பும் சோடாவும் நாள்தோறும் வேரில் தங்குகின்றன. குழாயை வேறு பக்கம் திருப்புங்கள்.

செய்ய வேண்டியதும் தொடக்கூடாததும்

மழைநுரைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. துடைக்கவும் வேண்டாம். செய்யக்கூடாதவைதான் பட்டியல் நீளும். பிளீச்சிங் பவுடர் தூவினால் வேர்த்தோல் வெந்துபோகும். பூஞ்சைக்கொல்லி தெளித்தால் அடுத்த மழையில் மண்ணுக்கும் ஊரணிக்கும் போய்ச் சேரும். பட்டையைச் சீவிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கேடு: நோயில்லாத மரத்துக்கு நோய் நுழைய வாசல் திறந்துவிட்ட மாதிரி.

நுரை எங்கே நிற்கிறது என்பது மட்டும் ஒரு தகவல் சொல்லும். தூரை ஒட்டிப் பள்ளமாகத் தண்ணீர் தேங்கி, நுரை மணிக்கணக்கில் அங்கேயே நின்றால் வடிகால் சரியில்லை. தூரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியும்படி மண் அணையுங்கள். ஆனால் மண்ணைப் பட்டையோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், ஒரு கையகலம் இடைவெளி இருக்கட்டும். சருகு மூடாக்குப் போட்டாலும் இதே இடைவெளி. அரசமர மேடை, வேப்பமர மேடை கட்டும்போது சிமென்டைத் தூர்வரை இழுத்துவிடுகிறார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் நுரை மேடை மேலேயே ஊறிக் கிடந்து பட்டை அழுகத் தொடங்கும். குறைந்தது ஓரடி வட்டம் மண்ணாகவே விட்டு, மேடைக்கு வெளிப்புறச் சரிவு கொடுக்க வேண்டும்.

தென்னைச் சாறு வடிதலில், உளியால் அழுகிய திசுவை நல்ல திசு தெரியும்வரை எடுத்துவிட்டுப் போர்டோ பசை பூசுவது வழக்கம். அளவு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர். துத்தத்தைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து நீற்றி, இன்னொரு வாளியில் அரை லிட்டராக்குங்கள். நீறும்போது கொதிக்கும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றி மரக்குச்சியால் கலக்குங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது, துத்தம் அரித்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். செட்டிநாட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் சுவர் பூச வாங்கிவைத்து மூட்டையில் நாள்பட்ட சுண்ணாம்பு காற்றுப்பட்டுச் செத்திருக்கும். அதைப் போட்டால் துத்தம் மிஞ்சித் திசுவைச் சுட்டுவிடும். பசை ஆனதும் துரு இல்லாத கத்தி நுனியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். படியாமல் வந்தால் பூசலாம். செய்த அன்றே பயன்படுத்துங்கள். மறுநாள் வைத்திருந்தால் பசை திரிந்து ஒட்டும் தன்மை போய்விடும். தென்னைக்கு வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் வட்டப்பாத்தியில் கொடுக்கலாம்.

மரத்தண்ணீரைச் சேமிக்கலாமா

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம். வேம்பும் புங்கையும் கவிந்த மாடியிலிருந்து வரும் முதல் தண்ணீரும் தூர்நுரைத் தண்ணீர் மாதிரிதான்: நுரைக்கும், நிறமேறும், வடிகட்டி மணலை அடைக்கும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் ஓட்டுநீரை அண்டாவில் பிடிப்பவர்கள் முதல் மழையைப் போகவிட்டுத்தான் பிடிப்பார்கள். கூரை கழுவட்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை இப்போது குழாயில் செய்ய வேண்டும்: 100 சதுர மீட்டர் கூரைக்கு முதல் 2 மில்லிமீட்டர், அதாவது 200 லிட்டர், தொட்டிக்குப் போகாமல் தோட்டத்துக்குத் திரும்பும்படி ஒரு வால்வு. மரம் நேராகக் கவிந்திருந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள். பாட்டில் சோதனை இங்கேயும் உதவும். வால்வைத் திருப்பும் முன் அரை பாட்டில் பிடித்துக் குலுக்குங்கள், நுரை உடனே அடங்கினால் தொட்டிக்கு விடலாம். அடிமரத்தில் வழியும் தண்ணீரைக் குடிக்க ஒருபோதும் சேர்க்க வேண்டாம். தோட்டப் பாத்திக்குப் போகட்டும், கழுவி வந்த உப்பும் சத்தும் செடிக்கு வேண்டியதுதான்.